பட்டா இல்லாத ஊர்

மலேசியாவின் கெடா மாநிலத்து ரப்பர் தோட்டங்களை விட்டுப் போனவர்கள் பல திசைகளிலிருந்தும் திரும்பி வருகிறார்கள். கோலாலம்பூர், பினாங்கு, சிங்கப்பூர் என்று பிழைப்புத் தேடிப் போனவர்கள் தைப்பூசத்துக்கும் அம்மன் திருவிழாவுக்கும் குடும்பத்தோடு வருகிறார்கள். 1968-இல் வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட்டைக் கட்டாயமாக்கியது. அதையடுத்து நாட்டை விட்டுப் போன இந்தியத் தொழிலாளர்கள் ஏறத்தாழ 60,000 பேர் என்று மதிப்பிடுகிறார்கள். ரஜூலா போன்ற கப்பல்களில் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் போய் இறங்கிய அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளும், விட்டுப்போன உறவைத் தேடி வருவதுண்டு. சட்டப்படி அவர்களுக்குக் கெடா அயல்நாடு. மனத்துக்கோ அதுதான் ஊர். வந்து பார்த்ததும் எல்லோர் வாயிலும் வருவது ஒரே சொல்தான்: எல்லாம் மாறிப்போச்சு. இந்தப் பெருமூச்சைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவது நம் வழக்கம். அதை ஒரு சாட்சியமாக எடுத்துக்கொண்டு விசாரிக்க வேண்டும் என்பது என் எண்ணம். விசாரிக்கத் தொடங்கியதுமே ஒன்று தெரிகிறது: எல்லாம் ஒரே மாதிரி மாறவில்லை.

சுங்கை பட்டாணியை எடுத்துக்கொள்வோம். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளிவிழா நினைவாக 1936-இல் எழுப்பிய மணிக்கூண்டு இன்றும் பெரிய சாலையில் நிற்கிறது. 1915-இல் அலோர்ஸ்டாரை எட்டிய ரயில் தடம் இரட்டைப் பாதையாகி, 2015 முதல் அதில் பாடாங் பெசார் வரை மின்சார ரயில் ஓடுகிறது. கடைவீதியில் ஆளும் வியாபாரமும் மாறியிருக்கலாம், கடைவீதி இருக்கிறது. ஐம்பது ஆண்டு கழித்து வருபவரும் நின்று நிதானித்தால் தான் எங்கே நிற்கிறோம் என்று கண்டுகொள்ள முடியும். பட்டணத்தைத் தாண்டி பீடோங், செமிலிங் பக்கமோ லுனாஸ், பாடாங் செராய் பக்கமோ போனால் கதை வேறு. தோட்டத்துக்குத் திரும்பும் மண்சாலை எந்த வளைவில் இருந்தது என்பதே பிடிபடாது. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயம் இருந்த மேட்டில் செம்பனை நிற்கிறது, அல்லது தாமான் என்னும் வீடமைப்புப் பகுதி எழுந்திருக்கிறது, அல்லது ஆலைச் சுவர் ஓடுகிறது. பட்டணம் மாறியது, தோட்டம் இல்லாமலே போனது. ஒரே வட்டாரத்தில், ஒரே காலத்தில், ஒரே பொருளாதாரத்துக்குள் இருந்த இரண்டு இடங்களுக்கு ஏன் இரண்டு விதி?

காலத்தின் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்க முடியாது. காலம் இரண்டு இடத்திலும் ஒன்றாகத்தான் ஓடியது. ரப்பர் விலை விழுந்தபோது தோட்டத்தோடு சேர்ந்து பட்டணத்துக் கடைக்காரரும் அடிபட்டார். என் வாதம் இது: திரும்பி வருபவர் காணும் அழிவு, நிலத்தின் பட்டா யார் பெயரில் இருந்தது என்பதன் விளைவு. அங்குள்ளவர்கள் கிராண்டு என்று சொல்லும் அந்த ஒரு தாள் இருந்த இடங்களெல்லாம் ஏதோ ஒரு வடிவில் நிலைத்தன. இல்லாத இடங்கள், அவற்றில் எத்தனை தலைமுறை பிறந்து இறந்திருந்தாலும், ஒரு விற்பனையோடு முடிந்தன.

தோட்டங்கள் உருவான விதத்திலேயே இதற்கு விதை இருக்கிறது. கெடா 1909 வரை சயாமின் மேலாண்மையில் இருந்தது. அந்த ஆண்டு ஆங்கிலேயரும் சயாமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் பிரிட்டிஷ் ஆதிக்கத்துக்குள் வந்தது. ரப்பர் விலை உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்த நேரம் அது. கோலமூடா, கூலிம் மாவட்டங்களின் காடுகள் பெரும்பரப்புகளாகக் கம்பெனிகள் கைக்குப் போயின. ஹார்வர்ட், டப்ளின், விக்டோரியா, ஹென்ரியேட்டா, ஸ்கார்பரோ என்று எங்கிருந்தோ வந்த பெயர்கள் மண்ணில் ஊன்றப்பட்டன. கங்காணிகள் ஊருக்குப் போய் ஆள் கூட்டி வந்தார்கள். 1938-இல் இந்திய அரசு தடை போடும்வரை அந்த வரத்து ஏறியும் இறங்கியும் நடந்தது. வந்தவர்களுக்குக் கம்பெனி எல்லாவற்றையும் கொடுத்தது: குடியிருக்க லயம், பிள்ளைகளை விட ஆயாக்கொட்டகை, மருந்துக்கு ஆஸ்பத்திரி, ஒரு பள்ளிக்கூடம், ஒரு கள்ளுக்கடை. கோயில் தொழிலாளர்கள் தாங்களே எழுப்பியது, ஆனால் நின்றது கம்பெனி மண்ணில். சுடுகாடும் கம்பெனி மண்தான். பெரட்டு என்னும் காலை ஆள்கணக்கில் பெயர் கூப்பிடும்வரை இவை அத்தனையும் உண்டு. பெயர் வெட்டப்பட்டால் ஒன்றும் கிடையாது. வேலையும் வீடும் ஒரே முடிச்சில் கட்டப்பட்டிருந்ததால், வேலைநிறுத்தம் செய்தவரை லயத்தை விட்டுக் கிளப்புவது மலாயா முழுவதும் நிர்வாகங்களுக்குக் கைவந்த ஆயுதமாக இருந்தது.

தொழிலாளர்கள் அதை எதிர்க்காமலும் இருந்துவிடவில்லை. 1946, 1947-இல் கெடாவில் எழுந்த தொண்டர் படையைத் தமிழ்நாட்டு வாசகர்கள் அதிகம் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஹார்வர்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு ஏ.எம். சாமி என்பவர் தலைமையில் இளைஞர்கள் அணிவகுத்தார்கள். கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள், தோட்டத்து ஒழுங்கைத் தாங்களே காப்போம் என்றார்கள். 1947 தொடக்கத்தில் பீடோங்கிலும் புக்கிட் செம்பிலான் தோட்டத்திலும் போலீசோடு மோதல் மூண்டது. ஏப்ரல் இறுதியில் டப்ளின் தோட்டத்தில் போலீஸ் சுட்டதில் ஒரு தொழிலாளி மாண்டார். கள் ஒழிப்பு என்று தொடங்கிய இயக்கத்தைக் கண்டு நிர்வாகம் ஏன் அவ்வளவு அஞ்சியது? குடியிருக்கும் இடத்தின் மேல் தங்களுக்கும் ஒரு சொல் உண்டு என்று தொழிலாளர்கள் முதன்முதலாகக் காட்டிக்கொண்டதால்தான் என்று நான் நினைக்கிறேன். அந்தச் சொல் சட்டமாகவில்லை. பிற்காலத்தில் 1990-இல் வந்த தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டம்கூட, வீடு எப்படி இருக்க வேண்டும், தண்ணீரும் மருத்துவமும் குழந்தைக் காப்பகமும் எப்படி அமைய வேண்டும் என்று வகுத்ததே தவிர, அந்த வீட்டில் எத்தனை காலம் இருக்கலாம் என்பதைத் தொழிலாளியின் உரிமையாக்கவில்லை.

இதே வட்டாரத்தில் வேறு இரண்டு வகைக் குடியிருப்புகளை அருகருகே வைத்துப் பார்த்தால் வாதம் தெளிவாகும். கம்யூனிஸ்டுகளின் ஆயுதப் போராட்டத்தை ஒடுக்க மலாயாவில் 1948-இல் அவசரகாலம் தொடங்கியது. 1950-இல் வகுத்த பிரிக்ஸ் திட்டப்படி காட்டோரம் குடியிருந்த 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் சீனர்கள், புதுக்கிராமங்களில் கொண்டுபோய் வைக்கப்பட்டார்கள். முள்வேலிக்குள் பலவந்தமாகக் குடியேற்றினார்கள். அதில் கொண்டாட ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் குடியிருப்புகள் கிராமங்களாகக் கணக்கில் ஏறின. காலப்போக்கில் பலருக்குக் குத்தகைப் பட்டாவும் கிடைத்தது. அதே திட்டத்தின் கீழ்த் தோட்டத் தொழிலாளர்களும் லட்சக்கணக்கில் ஒன்றுதிரட்டப்பட்டார்கள். அவர்களை வேலிபோட்டு வைத்தது எங்கே? முதலாளியின் நிலத்துக்குள்ளேயே. அவசரகாலம் 1960-இல் முடிந்தபோது சீனருக்கு ஒரு கிராமம் மிஞ்சியது, தமிழருக்கு அதே லயம் மிஞ்சியது. இன்னொன்று 1956-இல் தொடங்கிய பெல்டா. ஏறக்குறைய முழுக்க மலாய்க் குடும்பங்களுக்கு, ஏறத்தாழ 4 ஹெக்டர் விளைநிலமும் வீட்டுமனையும் கொடுத்து, கடனை அடைத்ததும் சொந்தமாக்கிய திட்டம். கெடாவிலும் புக்கிட் தங்கா, தெலோய் தீமோர் போன்ற பெல்டா குடியேற்றங்கள் உண்டு. அங்கும் விலைச் சரிவு உண்டு, கடன் தொல்லை உண்டு, பிள்ளைகள் பட்டணம் போனதும் உண்டு. ஆனால் பெருநாளைக்குத் திரும்பி வரும் பிள்ளைக்கு அப்பாவின் வீட்டு வாசல் இருக்கிறது. விளைந்த பயிர் ஒன்றேதான், சந்தையும் ஒன்றேதான். வேறுபட்டது நிலம் யாருடையது என்பது மட்டுமே.

பயிர் மாறியதால்தான் எல்லாம் மாறியது என்று சொல்வார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. பால்மரம் ஆட்களைக் கேட்கும் மரம். விடியுமுன் குளிர்ச்சி இருக்கும்போதே பால் நன்றாக ஓடும் என்பதால், இருட்டில் தலைவிளக்கோடு கிளம்ப வேண்டும். உளியால் பட்டையை மெல்லிய சீவலாக, சாய்கோட்டில், அடிமரத்தைக் காயப்படுத்தாமல் இழுக்க வேண்டும். ஆழம் போனால் மரம் கெடும், மேலோடு நின்றால் பால் வராது. மங்கு என்னும் கிண்ணத்தில் சொட்டுவதை வெயில் ஏறுமுன் வாளியில் சேர்த்து ஸ்டோருக்குக் கொண்டுபோக வேண்டும். மங்கிலும் கோட்டிலும் உறைந்துபோனதை மறுநாள் ஒட்டுப்பாலாகப் பிரித்தெடுக்க வேண்டும். ஒவ்வொரு மரத்தையும் ஒருநாள் விட்டு ஒருநாளாவது ஒரு கை தொட்டாக வேண்டும். செம்பனை அப்படியில்லை. பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை சுற்று வந்து, பழுத்த குலையை நீண்ட கழியில் கட்டிய அரிவாளால் வெட்டிச் சாய்த்தால் போதும். ரப்பருக்குத் தேவைப்பட்ட ஆட்களில் ஒரு பங்கு போதுமானது. 1980-களிலிருந்து அந்த ஒரு பங்கையும் இந்தோனேசியாவிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்தவர்கள் நிரப்பினார்கள். உலகின் முதல் இயற்கை ரப்பர் உற்பத்தி நாடு என்ற இடத்தை 1990-களின் தொடக்கத்தில் மலேசியா தாய்லாந்திடம் விட்டது. ஆகவே பால்வெட்டு வேலை போயிருக்கும். அதை யாரும் தடுத்திருக்க முடியாது. ஆனால் வேலை போவதும் வீடு போவதும் ஒன்றாக நடந்தே தீர வேண்டும் என்று எந்தப் பயிர்நூலிலும் எழுதவில்லை. அவை ஒன்றாக நடந்ததற்குக் காரணம், இரண்டையும் ஒரே முடிச்சில் போட்ட அந்தப் பழைய ஏற்பாடு.

முதலாளி மாறினால் ஏற்பாடு மாறும் என்ற நம்பிக்கையும் ஒரு காலத்தில் இருந்தது. 1981 செப்டம்பர் 7 அன்று லண்டன் பங்குச்சந்தையில் ஒரே காலைப்பொழுதில் கத்ரி என்ற பிரிட்டிஷ் தோட்டக் கம்பெனி மலேசியர் கைக்கு வந்தது. நாட்டின் விடுதலைக் கதையில் அது பெருமையான நாள். பிறகு 2007-இல் சைம் டார்பி, கத்ரி, கோல்டன் ஹோப் மூன்றும் இணைந்து உலகின் பெரும் தோட்டக் கம்பெனிகளில் ஒன்றாயின. துரைமார் போனார்கள், பங்குகள் மண்ணின் மைந்தர் கைக்கு வந்தன. லயத்தில் இருந்தவருக்கு மட்டும் அவர் படுத்த தரை எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. மாறாக, பட்டணம் விரிய விரிய நிலத்தின் விலை பயிரின் விலையைத் தாண்டியது. 1994-இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறந்தது. 1996-இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறந்தது. அதன் பிறகு தோட்டம் என்பது பயிர் செய்யும் இடம் என்ற நிலை போய், விற்பதற்குக் காத்திருக்கும் மனை என்றாயிற்று.

இந்த விதி தமிழ்த் தொழிலாளர்களை மட்டும் குறிவைத்தது அல்ல என்பதற்குப் பூஜாங் பள்ளத்தாக்கு சாட்சி. ஜெராய் மலையடிவாரத்திலிருந்து மூடா, மெர்போக் ஆறுகள்வரை பரந்த இந்த வட்டாரம்தான் நாம் கடாரம் என்று படிப்பது. பட்டினப்பாலையின் காழகம் இதுவே என்பது பலர் கருத்து. 1025-ஆம் ஆண்டுப் படையெடுப்பால் ராஜேந்திர சோழன் கடாரங்கொண்டான் ஆனான். 1840-களில் ஜேம்ஸ் லோ என்ற ராணுவ அதிகாரி இங்கே இடிபாடுகளைக் கண்டு எழுதினார். 1936, 1937-இல் குவாரிட்ச் வேல்சும் அவர் மனைவி டோரத்தியும் அகழ்ந்து முப்பது இடங்களுக்கு எண் கொடுத்தார்கள். அவற்றில் பதினொன்றாவது இடம் சுங்கை பத்து எஸ்டேட்டுக்குள் இருந்தது. சண்டி 11 என்று அறியப்பட்ட அந்தக் கோயிலின் எச்சம் ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்டது. 2013-இல் வீடமைப்புக்காக நிலத்தைத் திருத்தியபோது அது தரைமட்டமாக்கப்பட்டது. வரலாற்று ஆய்வாளர் வி. நடராஜன் வெளியே சொன்ன பிறகுதான் உலகுக்குத் தெரிந்தது. அப்போது வந்த பதிலைக் கவனிக்க வேண்டும்: நிலம் தனியாருடையது, அந்த இடம் அரசிதழில் பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்கப்படவில்லை. லயத்தை இடித்தபோது வந்த பதிலும் இதுதான். ஆயிரம் ஆண்டுக் கோயிலுக்கும் நூறாண்டுப் பலகைச் சுவருக்கும் சட்டத்தின் கண்ணில் வேறுபாடு இல்லை.

அதே பள்ளத்தாக்கில் தப்பியவை எவை என்று பார்த்தால் இன்னும் விளங்கும். புக்கிட் பத்து பஹாட் கோயில் தன் இடத்திலேயே மீட்டுக் கட்டப்பட்டு அரசின் காவலில் நிற்கிறது. பெண்டியாட், பெண்டாங் டாலாம், பெங்காலான் பூஜாங் ஆகியவற்றின் கற்களைப் பெயர்த்தெடுத்து மெர்போக் அருங்காட்சியக வளாகத்தில் மறுபடி அடுக்கினார்கள். தன் மண்ணில் நின்று அரசின் பெயருக்கு வந்தது, அல்லது மண்ணை விட்டு அரசு நிலத்துக்குப் பெயர்ந்தது: தப்பிக்க இந்த இரண்டு வழிதான் இருந்தன. கெடாவின் தமிழ்ப்பள்ளிகளில் பலவும் இந்த இரண்டாவது வழியில்தான் தப்பின. மாநிலத்தில் ஏறத்தாழ 60 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றின் பெயரில் தோட்டம் என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஹார்வர்ட் பிரிவுகளின் பெயரில் பள்ளிகள் உண்டு, டப்ளின் பிரிவுகளின் பெயரில் உண்டு. தோட்டம் காலியாகிப் பிள்ளைகள் குறைந்தபோது பள்ளியின் உரிமத்தைப் பட்டணத்துத் தாமானுக்குக் கொண்டுபோவது மலேசியா முழுவதும் நடந்த வேலை. தாமான் பிள்ளை ஒன்று, ரப்பர் மரத்தைப் பாடப்புத்தகத்தில் மட்டுமே பார்த்திருக்கக்கூடும். அதன் சட்டைப் பையில் தைத்த சின்னத்தில் ஒரு தோட்டத்தின் பெயர் இருக்கிறது. திரும்பி வருபவர் தன் தோட்டத்தைத் தேட நினைத்தால் பள்ளிகளின் பெயர்ப்பட்டியலில் தேடுவதுதான் உருப்படியான வழி. இடம் பெயராமல் நின்ற பள்ளிகளுக்கோ நீண்ட காலம் பகுதி உதவி பெறும் பள்ளி என்ற நிலைதான். நிலம் அரசுடையது இல்லாததால் கட்டடத்துக்கு அரசு முழுப் பணம் தராது. கூரை ஒழுகினால் பெற்றோர் வசூல் செய்ய வேண்டும். ஒரு பிள்ளையின் வகுப்பறைச் சுவர்வரை எட்டிப் பார்க்கிறது அந்தப் பட்டா.

கோயில்களுக்கு அந்த வழியும் சுருங்கியது. தோட்டம் கைமாறிய அடுத்த நாளே, தலைமுறைகளாகப் பொங்கல் வைத்த கோயில் அனுமதியற்ற கட்டடம் ஆகிவிடுகிறது. 2007 நவம்பர் 25 அன்று கோலாலம்பூரில் திரண்ட, இந்து உரிமை இயக்கமான ஹிண்ட்ராப்பின் கூட்டத்துக்குப் பின்னால் இத்தகைய இடிப்புகளின் கோபம் இருந்தது. கெடாவிலேயே, 2020 ஜூலையில் அலோர்ஸ்டார் ரயில் நிலையத்தை ஒட்டியிருந்த, நூறாண்டுக்கு மேற்பட்டது என்று பக்தர்கள் சொன்ன மதுரை வீரன் கோயில் இடிக்கப்பட்டது. கோயிலை இடம் மாற்றலாமே என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: இடம் மாற்றவும் இன்னொரு பட்டா வேண்டும்.

இனி மறுப்புகளுக்கு வருவோம். முதலாவதும் வலுவானதும் இது: தோட்டம் ஒழிந்ததற்காக அழ வேண்டுமா? அங்கே அடிமைத்தனம் இருந்தது, கள் இருந்தது, மலேரியா இருந்தது, கிராணிக்கும் மண்டோருக்கும் கைகட்டி நின்ற வாழ்க்கை இருந்தது. ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலத்தில், 1943 முதல் கெடா மீண்டும் சயாம் நிர்வாகத்தில் இருந்தபோதும், அதற்கு முன்பும், லயங்களிலிருந்து பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்கள் சயாம் மரண ரயில் பாதையில் மடிந்தார்கள். பட்டணம் வந்தபிறகுதான் பிள்ளைகள் இடைநிலைப் பள்ளி போனார்கள், ஆலைகளில் மாதச்சம்பளம் கண்டார்கள். பீடோங்கை ஒட்டிய செமிலிங்கில், மலேசிய இந்தியர் காங்கிரஸின் (ம.இ.கா.) கல்விப் பிரிவு முன்னின்று 2001-இல் உருவாக்கிய ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் இன்று மருத்துவம் படிக்கலாம். இதெல்லாம் உண்மை, இதில் ஒரு சொல்லையும் நான் மறுக்கவில்லை. தோட்ட வாழ்க்கை திரும்ப வர வேண்டும் என்று விரும்புபவர் அதை வாழ்ந்திராதவராகவே இருக்க வேண்டும். ஆனால் ஒரு வாழ்க்கையின் கொடுமை, அதை வாழ்ந்தவர்கள் அதிலிருந்து வெறுங்கையோடு வெளியேற வேண்டும் என்பதற்கு நியாயமாகாது. கஷ்டப்பட்டவருக்குத்தான் ஈடு அதிகம் வேண்டும். பல்கலைக்கழகம் என்ற சான்றும் என் பக்கமே பேசுகிறது: ஒரு நிறுவனம் தன் பெயரில் நிலம் பெற்றபோது தமிழர்கள் அங்கே என்ன எழுப்ப முடியும் என்பதை அது காட்டுகிறது.

இரண்டாவது மறுப்பு, தொழிலாளர்கள் தாங்களே வாங்கியிருக்கலாமே என்பது. வாங்கியும் காட்டினார்கள். 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பியபோது, வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்றார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. 1960-இல் ம.இ.கா. தலைவர் துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அது முதன்முதலில் வாங்கியது கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம். மலேசியத் தமிழர் வரலாற்றில் இதைவிடப் பெரிய காரியம் குறைவு என்பேன். கூட்டுறவு பிறகு பல மாநிலங்களில் தோட்டங்கள் வாங்கியது, இன்றும் நிற்கிறது. ஆனால் அதன் எல்லையையும் சொல்ல வேண்டும். பங்கு வைத்திருப்பவர் நாடு முழுவதும் இருப்பார். லயத்தில் இருப்பவர் அந்தத் தோட்டத்தில் இருப்பார். நிலம் சமூகத்தின் கையில் தங்கியது, வீட்டுமனை குடியிருந்தவரின் பெயருக்கு வரவில்லை. அதோடு, வெட்டுக்கூலியில் மிச்சம் பிடித்துத் தொழிலாளர்கள் வாங்கிய நிலத்தையும் அரசு கடனோடு கொடுத்த பெல்டா நிலத்தையும் ஒரே தராசில் வைப்பது நியாயமில்லை. ஒரு பகுதி மக்களுக்குக் கொள்கையாகக் கிடைத்ததை இன்னொரு பகுதி தன் பசியிலிருந்து சேமிக்க வேண்டியிருந்தது.

மூன்றாவது மறுப்பு நினைவைப் பற்றியது. திரும்பி வருபவர் இளமையைத் தேடுகிறார், அது எந்த ஊரிலும் கிடைக்காது, ஆகவே அவர் புலம்பலை ஆய்வுக்கு எடுப்பது வீண் என்பார்கள். நினைவு மிகைப்படுத்தும் என்பது சரி. ஆனால் இங்கே நினைவைச் சரிபார்க்க வழியிருக்கிறது. கெடா மண்ணிலிருந்து எழுந்த எழுத்தாளர்கள் அந்த வழியைத் திறந்து வைத்திருக்கிறார்கள். 2017-இல் விஷ்ணுபுரம் விருது பெற்ற சீ. முத்துசாமியின் ‘மண்புழுக்கள்’, லுனாஸைக் களமாகக் கொண்ட ம. நவீனின் ‘பேய்ச்சி’, சுங்கை பட்டாணியிலிருந்து எழுதும் கோ. புண்ணியவானின் கதைகள், இவற்றில் தோட்டம் பொன்னுலகமாக வருவதே இல்லை. கள்ளும் சண்டையும் சாதியும் துரோகமும் அப்படியே இருக்கின்றன. இளமையின் ஏக்கம் எழுதியிருந்தால் இப்படி எழுதியிருக்காது. 2019-இல் வந்த ‘பேய்ச்சி’யை 2020 டிசம்பரில் உள்துறை அமைச்சு தடை செய்தது. லயத்துக்குத் தரையில் நிற்கும் உரிமை இல்லாமல் இருந்தது. அதைச் சொல்லும் நாவலுக்குத் தாளில் நிற்கவும் இடம் பறிபோனது என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

தமிழ்நாட்டிலிருந்து கடாரம் பார்க்க வருபவர்களுக்கும் இதில் ஒரு சொல் உண்டு. ராஜேந்திரன் வந்து வென்ற இடம் என்ற பெருமிதத்தோடு மெர்போக் போய்ப் படமெடுத்துக்கொள்கிறார்கள். படையோடு வந்தவன் கடல் தாண்டித் திரும்பிவிட்டான். இந்த மண்ணைத் திருத்தி நட்டு நூறாண்டு வெட்டியவர்கள், அதே ஜெராய் மலையின் நிழலில், அருங்காட்சியகத்திலிருந்து கூப்பிடு தூரத்துத் தாமான்களில் இருக்கிறார்கள். அவர்களுடைய கடாரத்துக்கு ஒரு கல்வெட்டும் இல்லை.

அந்தப் பழைய ஏற்பாடு முடிந்துவிட்டது என்று எண்ணவும் வழியில்லை. இன்று செம்பனைக் குலை வெட்டும் வங்கதேசத்தவரும் இந்தோனேசியரும், கூலிம் ஆலைகளின் விடுதிகளில் தங்கியிருப்பவர்களும், பெர்மிட் இருக்கும்வரை படுக்கை என்ற அதே முடிச்சில்தான் இருக்கிறார்கள். 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தை 2019-இல் திருத்தித் தோட்டம் அல்லாத துறைகளுக்கும் விரித்தபோதும், படுக்கைகளின் தரம் பற்றி எழுதியதே மிகுதி. தமிழர்கள் பட்ட பாட்டைச் சொல்லும்போது இவர்களை விட்டுவிட்டுப் பேசுவது எனக்கு ஒப்பவில்லை.

கெடாவில் இன்னும் விற்கப்படாத தோட்டங்கள் இருக்கின்றன. அவற்றில் பள்ளியும் கோயிலும் சுடுகாடும் உண்டு, சிலவற்றில் ஓய்வு பெற்ற பால்வெட்டுக்காரர்களின் வீடுகளும் உண்டு. நிலப் பயன்பாட்டை மாற்ற உரிமையாளர் மனுக் கொடுக்கும் அந்தக் கட்டத்தில்தான் அரசின் கையில் பிடி இருக்கிறது. மாற்றம் அனுமதிக்கப்படுமுன் இந்த நான்கையும் அளந்து, தனித்தனிப் பட்டாவாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று நிபந்தனை போடலாம். மலேசிய அரசமைப்பில் நிலம் மாநிலத்தின் அதிகாரத்தில் இருக்கிறது. ஆகவே இந்தக் கோரிக்கையைக் கொண்டுபோக வேண்டிய இடம் புத்ராஜெயா அல்ல, அலோர்ஸ்டார்.